செங்கோரைக் கண்மாயின் நீர்மட்டம்

செப்டம்பர் 3

ஆராய்ச்சி உதவித்தொகை அறிவிப்பு வந்துவிட்டது. சுற்றுச்சூழல் அறிவியல், முனைவர் பட்டம், ஐந்து ஆண்டுகள், மாநிலம் முழுக்க ஆறு பேர். தலைப்பை அவர்களே கொடுத்திருக்கிறார்கள்: 'ஆபத்தில் உள்ள சிறு நீர்நிலைகள்.' கடைசி நாள் அக்டோபர் 10. வயது வரம்பு இருபத்தெட்டு. எனக்கு ஜனவரியில் இருபத்தொன்பது.

இது தவறினால் டியூஷன் சென்டர்தான். எட்டாம் வகுப்புக்கு நீர்ச்சுழற்சி. நான்காவது வருடமாக அதே அம்புக்குறிகளை வரைகிறேன். கடலிலிருந்து மேலே, மேகத்திலிருந்து கீழே. எனக்கு மட்டும் எந்தப் பக்கமும் அம்புக்குறி இல்லை.

விண்ணப்பத்தின் முதல் கேள்வி: 'இந்த நீர்நிலையோடு உங்களுக்குள்ள தொடர்பை இருநூறு சொற்களுக்குள் எழுதுக.'

எழுதினேன்: தொடர்பு எதுவும் இல்லை.

மூன்று சொற்கள் ஆயிற்று.

செப்டம்பர் 4

உண்மையில் தொடர்பு உண்டு. என் முதுகலை ஆய்வேடே செங்கோரைக் கண்மாய்தான். ஊரடங்கு வருடம். யாரும் எங்கும் போகக் கூடாது. பாசனப் பிரிவு அலுவலகத்திலிருந்து கண்மாயின் தினசரி நீர்மட்டப் பதிவேட்டை நகலெடுத்துத் தபாலில் வாங்கினேன். இருபத்தெட்டு வருடங்கள், ஒரு நாள் விடாமல். என் அறையில் உட்கார்ந்து எண்களை ஏற்றினேன்.

விசித்திரம்: முதல் இருபத்தொரு வருடங்கள் மழைக்கும் மட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. 2014-இலிருந்து கண்மாய் திருந்திவிட்டது. மழையை வைத்து நான் போட்ட கணக்கோடு நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பொருந்தியது. என் நெறியாளர் ஹென்றி சார் இதை வைத்து இரண்டு கட்டுரைகள் வெளியிட்டார். 'ஒரு நீர்நிலையின் முதிர்ச்சி' என்பது ஒன்றின் தலைப்பு. இரண்டாவது பெயராக என் பெயர்.

மேசையைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டேன். சுவரில் மறுபடி உப்புப் பூத்திருக்கிறது. முழங்கால் உயரத்துக்கு.

செப்டம்பர் 9

குளியலறையில் தவளை. அம்மா விளக்குமாற்றால் அதை வழியனுப்பினாள். "போய்ட்டு வா. வரும்போது சொந்தக்காரங்களக் கூட்டியாராத."

செப்டம்பர் 14

விண்ணப்பத்தின் பதினோராவது கேள்வி: 'நீர்நிலையின் தற்போதைய நிலை.' மூன்று விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நன்று. சுமார். ஆபத்தில்.

பன்னிரண்டாவது: நீர்நிலையின் புகைப்படம். எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை படத்திலேயே பதிந்திருக்க வேண்டும்.

ஹென்றி சாரிடம் சொன்னேன். "போய் ஒரு போட்டோ எடுத்துட்டு வந்துரும்மா. பத்து நிமிஷ வேலை."

"நீங்க போயிருக்கீங்களா சார்?"

"நானா? நான் கம்ப்யூட்டர் மாடலிங்மா."

செப்டம்பர் 17

பாசனப் பிரிவு அலுவலகம். மதியச் சாப்பாட்டுக்கு முன் போய்விட்டேன். இரண்டு மேசை, இரண்டு பேர், ஒரு மின்விசிறி.

"செங்கோரைக் கண்மாய்க்கு எப்படிப் போகணும் சார்?"

"எதுக்குப் போகணும்?"

"பாக்க."

"பாக்கவா?" அவர் பக்கத்து மேசைக்காரரைத் திரும்பிப் பார்த்தார். "ஏய்யா, செங்கோரையைப் பாக்கணுமாம்ல இந்தப் புள்ள."

"நல்லாத்தானய்யா இருக்கு. இன்னைக்குக்கூட நாலு அடி இருவது."

பக்கத்து மேசைக்காரர் பதிவேட்டைத் திறந்து காட்டினார். இன்றைய தேதி. 4.20. மை புதிதாக இருந்தது. காலை எட்டு மணிக்கு லஸ்கர் போன் செய்து சொல்ல, இவர் எழுதிக்கொள்கிறார். மடையைத் திறந்து மூடி மட்டம் பார்க்கும் ஊழியருக்கு லஸ்கர் என்று பெயர். வெள்ளைக்காரன் காலத்துப் பெயர், இன்னும் சம்பளப் பட்டியலில் இருக்கிறது.

"நீங்க கடைசியா எப்ப சார் கண்மாய்க்குப் போனீங்க?"

"ஜீப்பு இனி ஓடாதுன்னு கண்டம் பண்ணிப் பதினோரு வருசமாச்சும்மா. பஸ்ல போனா பயணப்படி தர மாட்டாங்க. லெவல்தான் தினம் வருதே, பெறகு போயி என்னத்தப் பாக்க?"

ஒரு துண்டுச் சீட்டில் புல எண்ணும் அட்சரேகை தீர்க்கரேகையும் எழுதிக் கொடுத்தார். லஸ்கரின் கைபேசி எண்ணும். பெயர் ஒச்சம்மாள்.

செப்டம்பர் 20

அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கைபேசியில் அடித்து, மாட்டுத்தாவணியில் ஆட்டோ பிடித்தேன். கைபேசி வழி சொல்லச் சொல்ல ஆட்டோ அண்ணன் திருப்பினார். புறவழிச்சாலை. பெட்ரோல் பங்க். வாராகி கார்டன் வளைவு. பேக்கரி. மூன்றாவது குறுக்குத் தெரு.

"நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்றது கைபேசி.

மனை எண் 41. எங்கள் வீடு.

அம்மா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "ஆட்டோலயா வார? பேக்கரிகிட்ட எறங்கிப் பால் வாங்கிட்டு வந்திருக்கலாம்ல?"

கைபேசியில் ஏதோ கோளாறு. அலுவலகத்தில் எண்ணை மாற்றி எழுதியிருப்பார்கள். அரசு அலுவலகங்களில் சகஜம்.

பால் வாங்கப் போனேன்.

செப்டம்பர் 21

இன்று நடந்து போய்ப் பார்த்தேன். புறவழிச்சாலையிலிருந்து தொடங்கி. மறுபடி வீடு.

செப்டம்பர் 22

பின்பக்கமாகப் போய்ப் பார்த்தேன். வீடு.

செப்டம்பர் 24

ஒச்சம்மாளுக்குப் போன் செய்தேன். மடைக்கு வரச் சொன்னார். மடை எங்கே என்றால், "பேக்கரிக்குப் பொறத்தால" என்றார். நான் தினம் பால் வாங்கும் பேக்கரி.

நாற்பத்தைந்து வயதிருக்கும். கையில் மஞ்சள் பிளாஸ்டிக் வாளி. பேக்கரியின் பின்சுவருக்கும் சாக்கடைக்கும் நடுவில் இரண்டு கருங்கல் தூண்கள். அவற்றின் மேல் ஒரு பலகைக் கல். அதில் பேக்கரிக்காரர் பன் தட்டுகளை ஆற வைத்திருந்தார். தூணில் அடிக்கணக்குக் கோடுகள் வெட்டியிருந்தன. எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று. ஏழு தரையோடு தரையாக. அதற்குக் கீழே உள்ளவை மண்ணுக்குள்.

"கண்மாய் எங்கக்கா?"

"இந்தா நிக்கிறியே தாயி."

நான் குனிந்து பார்த்தேன். சிமெண்ட் பாவிய தெரு. என் செருப்பு.

"மொத நாளு நானும் இப்பிடித்தான் கீழயே பாத்துக்கிட்டு நின்னேன்" என்றார். கணவர் லஸ்கராக இருந்து இறந்ததால் வந்த வேலை. பத்து வருடமாகிறது. சேர்ந்த அன்று சாப்பாட்டுத் தூக்கோடு காலையிலிருந்து மாலை வரை கண்மாயைத் தேடியிருக்கிறார். மறுநாள் அலுவலகத்துக்குப் போய், கண்மாயைக் காணோம் என்றிருக்கிறார். லெவல் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். "கண்மாயே இல்ல சார்ங்கேன். அப்ப லெவல் சைபரா, கரெக்டாச் சொல்லுங்கிறாக."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்கு என்னா தெரியும்? கண்மாய் இல்லைன்னு அவுக எழுதுனா லஸ்கர் எதுக்குன்னு கேப்பாக. ரெண்டும் பொம்பளப் புள்ளைக. அப்ப பெரியவ அஞ்சாப்பு."

"அதனால பொய் சொன்னீங்க."

ஒச்சம்மாள் வாளியைக் கீழே வைத்தார். முகம் மாறிவிட்டது.

"பொய்யா? எங்க வீட்டுக்காரருதான் குத்துமதிப்பாச் சொல்வாரு. டீக்கடையில ஒக்காந்து, மூணுன்னு ஒரு நா, ஒம்பதுன்னு ஒரு நா. நான் அப்பிடியில்ல. வா, காட்டுறேன்."

ஐந்தாவது குறுக்குத் தெருவில் அவர் குடியிருக்கும் வீட்டு மாடி. வாளி வைக்கும் இடத்தில் சுண்ணாம்பு வட்டம். மழை பெய்தால் பள்ளிக்கூட ஸ்கேலால் அளப்பாராம். கண்மாய் உண்மையாகவே இருந்த காலத்துப் பதிவேட்டை எடைக்குப் போகும் முன் வாங்கி வந்து, வாளியில் ஓர் அங்குலம் என்றால் கண்மாயில் எவ்வளவு ஏறும் என்று கண்டுபிடித்திருக்கிறார். வெயிலுக்குக் கழிப்பார். காற்றுக்குத் தனியாகக் கழிப்பார். மார்கழியில் முதல் தண்ணீர், தையில் இரண்டாம் தண்ணீர் என்று இருநூற்றுப் பன்னிரண்டு ஏக்கருக்கு மடையைத் திறந்துவிடுவார்.

"எந்த ஏக்கருக்கு அக்கா?"

"ரெஜிஸ்டர்ல இருக்கிற ஏக்கருக்கு. பயிரு காயும்ல?"

பங்குனியில் மீன்பிடிக்காக ஒன்றரை அடி இறக்குவார்.

2014. கண்மாய் முதிர்ச்சி அடைந்த வருடம். ஒச்சம்மாள் வேலைக்குச் சேர்ந்த வருடம்.

செப்டம்பர் 25

அக்டோபர் பிறக்கும் முன் அப்பா ஃப்ரிட்ஜைச் செங்கல் மேல் ஏற்றிவிடுவார். பீரோவையும். எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்று கல்லூரி போகும்வரை நினைத்திருந்தேன். ஆயுத பூஜை மாதிரி ஒன்று. சில வருடங்களில் தண்ணீர் உள்ளே வரும். பெரும்பாலும் வருவதற்கு முதல் நாளே அம்மாவையும் என்னையும் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவர் மட்டும் கட்டிலில் இருப்பார். கேட்டால், "தாழ்வான ஏரியா" என்பார். பஞ்சாலையில் ஸ்டோர் கீப்பர். அதிகம் பேச மாட்டார்.

இன்று அவர் ஃப்ரிட்ஜைச் சாய்த்துப் பிடிக்க, நான் கல் வைத்தேன். ஒரு பக்கத்துக்கு இரண்டு.

"அப்பா, செங்கோரைக் கண்மாய் எங்க இருக்குன்னு தெரியுமா?"

ஃப்ரிட்ஜை இன்னும் கொஞ்சம் சாய்த்தார்.

"பக்கத்துலதான் எங்கிட்டாச்சும் இருக்கும்" என்றார். பிறகு, "இன்னொரு கல்லு வையி" என்றார்.

செப்டம்பர் 27

ஹென்றி சார் அறை.

"சார், கண்மாய் இல்ல."

"வத்திடுச்சா?"

"இல்ல சார். அங்க வீடு இருக்கு."

"யார் வீடு?"

"எங்க வீடு."

எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். நல்ல மனிதர். மாணவர்களுக்குச் சொந்தச் செலவில் புத்தகம் வாங்கித் தருபவர். நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"டேட்டா இருக்கா?"

"இருக்கு சார்."

"அப்ப கண்மாய் இருக்கு."

"சார்..."

"செவ்வாய்க் கிரகத்துக்கு யாரும்மா போனா? எத்தனை பேரு பட்டம் வாங்கியிருக்கான்? நீ நேத்து வரைக்கும் அதுல ஒரு கொறையும் சொல்லலையே. இன்னைக்கு என்ன திடீர்னு?"

நான் மூன்று வருடங்கள் கண்மாயின் நடுவில் உட்கார்ந்து கண்மாயைப் பற்றி எழுதியிருக்கிறேன். கால் நனையவில்லை என்பது மட்டும்தான் குறை. அதுவும் எல்லா வருடமும் அல்ல.

செப்டம்பர் 30

வேறு கண்மாய்க்கு மாறலாம் என்று பார்த்தேன். எதற்கும் பதிவேடு முழுசாக இல்லை. தண்ணீர் உள்ள கண்மாய்களில் லஸ்கர்கள் வேலையாக இருக்கிறார்கள். எழுத நேரமில்லை.

அக்டோபர் 1

முடிவு செய்துவிட்டேன். எங்கள் வீட்டை ஒட்டி மனை எண் 42 காலி. மழை பெய்தால் இடுப்பளவு நிற்கும். சம்பு முளைத்திருக்கிறது. கொக்கு வரும். மாடியிலிருந்து எடுத்தால் மதில் தெரியாது. படத்தில் பதியும் இடமும் சரியாக இருக்கும்.

இதில் பொய் எதுவும் இல்லை.

அக்டோபர் 3

மழை இல்லை.

அக்டோபர் 4

மழை இல்லை. அம்மா மோர் மிளகாய் போட்டாள்.

அக்டோபர் 5

மழை இல்லை. மிளகாய் நன்றாகக் காய்கிறது. "இந்த வருசம் வெயிலு சூப்பர்டி" என்கிறாள்.

அக்டோபர் 6

ஒச்சம்மாளிடம் கேட்டேன். "பெய்யும்" என்றார். கணக்கு எப்போதாவது தப்பியிருக்கிறதா என்றேன். "எதை வச்சு நீ சரிபாப்ப?" என்றார்.

அக்டோபர் 8

பெய்தது. பகல் பதினொன்றுக்குத் தொடங்கி மூன்று வரை. நாலரைக்கு மாடி ஏறினேன். மனை எண் 42 கண்மாயாகிவிட்டது. மூன்று கொக்குகள். ஓர் எருமை தானாக வந்து நடுவில் படுத்தது. மேகம் தண்ணீரில் விழுந்திருந்தது. பன்னிரண்டு படங்கள் எடுத்தேன். உண்மையாகவே அழகாக இருந்தது.

அம்மா கீழேயிருந்து, "மிளகா நனைஞ்சிருச்சேடி பாவி, மேலதான நிக்கிற!" என்று கத்தினாள்.

பதினோராவது கேள்விக்கு 'ஆபத்தில்' என்று குறித்தேன். 'இல்லை' என்பதற்கு அங்கே இடமில்லை.

முதல் கேள்விக்கு எழுதியது: 'இந்த நீர்நிலையோடு எனக்குத் தனிப்பட்ட தொடர்பு ஏதும் இல்லை. ஆகவே விருப்பு வெறுப்பின்றி ஆராய இயலும்.'

அனுப்பிவிட்டேன். பொய் எதுவும் இல்லை.

அக்டோபர் 31

காலண்டரில் அக்டோபரைக் கிழிக்கக் குனிந்தபோது முதுகு பிடித்துக்கொண்டது. எங்கள் வீட்டில் காலண்டர் இடுப்புக்குக் கீழேதான் தொங்கும். அகலமான காலண்டர். ஆணியை மேலே அடிக்க அப்பா விட்டதில்லை. "அங்கனயே இருக்கட்டும்."

நவம்பர் 12

முதல் பட்டியலில் என் பெயர் இருக்கிறது. பன்னிரண்டு பேர். ஆறு பேரை எடுப்பார்கள்.

இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறைதான் கடைசி வரியைப் பார்த்தேன். 'தேர்வுக்குழு உறுப்பினர் ஆய்வுக் களத்தை நேரில் பார்வையிட்டு மதிப்பெண் வழங்குவார்.' எனக்கு நவம்பர் 21. முனைவர் ஜோதிலிங்கம்.

ஹென்றி சாருக்குப் போன் செய்தேன். "அடடா, இருபத்தொன்னா? அன்னைக்கு எனக்குப் பல் டாக்டர்மா."

நவம்பர் 20

பத்து நாட்களாக மழை இல்லை. மனை எண் 42-இல் ஓர் ஆடு மேய்கிறது.

நவம்பர் 21

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

பத்து மணிக்குக் கார் வந்தது. முனைவர் ஜோதிலிங்கம் இறங்கினார். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். கழுத்தில் தொலைநோக்கி. தொப்பி. கையில் அட்டையில் செருகிய படிவம். பேக்கரிக்காரர் பன் தட்டோடு வெளியே வந்து பார்த்தார்.

"கண்மாய்க்கு இங்கருந்து நடக்கணுமா?"

"இல்ல சார். வந்துட்டோம்."

அவர் சுற்றிலும் பார்த்தார். கிரில் கேட். ஸ்கூட்டர். அம்மாவின் துணிக்கொடி. தொலைநோக்கியைத் தூக்கி, பிறகு இறக்கிக்கொண்டார். படிவத்தைப் புரட்டி, என் எழுத்தை எனக்கே வாசித்துக் காட்டினார். "'தனிப்பட்ட தொடர்பு ஏதும் இல்லை.' இது யாரு வீடு?"

"எங்க வீடு சார்."

"நீங்க அனுப்பின போட்டோ?"

நான் ஆட்டைக் காட்டினேன். ஆடு எங்களைப் பார்த்தது.

என்னென்னவோ பதில்கள் தயார் செய்து வைத்திருந்தேன். பருவகால நீர்நிலை. மறைந்திருக்கும் நீர்நிலை. அவருடைய பூட்ஸைப் பார்த்ததும் எதுவும் வரவில்லை. புதிதாக வாங்கியிருந்தார். விலைச் சீட்டு ஒட்டியிருந்தது. எங்கள் கண்மாய்க்காக வாங்கியது.

"கண்மாய் இல்ல சார்" என்றேன். "இருந்துச்சு. மனை போட்டுட்டாங்க. எனக்கு செப்டம்பர்லயே தெரியும். தெரிஞ்சுதான் அனுப்பினேன்."

அவர் திட்டவில்லை. கால் வியர்க்கிறது என்றார். உள்ளே வந்து உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். அம்மா காபி கொடுத்தாள். அப்பா விடுப்பு போட்டிருந்தார். ஃப்ரிட்ஜ் பக்கத்தில் நின்றார். நான் சொல்லி வைத்திருந்ததால் ஒச்சம்மாள் வாசலில் வாளியோடும் அலுவலகத்தில் கேட்டு வாங்கிய பதிவேட்டோடும் நின்றார்.

"வந்ததுக்குப் படிவத்தை நிரப்பிட்டுப் போயிடறேன்" என்றார் ஜோதிலிங்கம். "பறவைகள்?"

"கொக்கு வரும் சார்" என்றாள் அம்மா. அவள் இதை விருந்தாளியின் விசாரிப்பு என்று எடுத்துக்கொண்டாள். "மீன்கொத்திகூட ஒன்னு கேபிள் ஒயர்ல ஒக்காரும்."

எழுதினார். "தவளை, தேரை?"

"பாத்ரூம்ல வந்து பாருங்க."

எழுதினார். "நீர்த்தாவரம்?"

"செவத்துல பாசி இருக்கு சார், எவ்வளவு தேச்சாலும் போகாது."

"ஆக்கிரமிப்பு ஏதும் உண்டா?"

"அதெல்லாம் யாரும் கெடையாது சார்" என்றாள் அம்மா. "நாங்கதான் இருக்கோம்."

அம்மா கொஞ்சம் தாமதமாகக் கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

ஜோதிலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த உதவித்தொகை ஆபத்துல இருக்கிற நீர்நிலைக்கு. உங்களோடதுல ஆபத்து முடிஞ்சு போச்சும்மா. 'நீர்நிலை இல்லை'ன்னு எழுதத்தான் வேணும். அப்படி எழுதினா விண்ணப்பம் தள்ளுபடி. பதிவேடும் கற்பனைன்னு சேர்த்து எழுதணும். அந்த ஆபீஸுக்கு ஒரு காப்பி போகும்."

"கற்பனையில்ல சார்" என்றார் ஒச்சம்மாள் வாசலிலிருந்து. கையிலிருந்ததைத் தூக்கிக் காட்டினார். "வாளி இருக்கு சார்."

அவர் பேனாவைத் திறந்தார்.

அப்பா ஃப்ரிட்ஜை விட்டு நகர்ந்தார். நேராகச் சுவருக்குப் போய்க் காலண்டரைக் கழற்றினார்.

பின்னால் வெள்ளையடிக்காத ஒரு சதுரம். அதில் பென்சில் கோடுகள். ஒவ்வொரு கோட்டின் பக்கத்திலும் தேதி. பஞ்சாலை ஸ்டோரில் சரக்குச் சீட்டு எழுதும் அதே சின்ன, சாய்ந்த எழுத்து.

"தண்ணி உள்ள வந்த நாளெல்லாம் குறிச்சிருக்கேன் சார். தரையிலருந்து அளந்தது." என்னைப் பார்க்கவில்லை. "எதுக்குன்னு தெரியல. சும்மா பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்க முடியலை."

ஜோதிலிங்கம் காபியை வைத்துவிட்டு வெறுங்காலோடு எழுந்து வந்து குனிந்தார். "பதினெட்டு நவம்பர், ரெண்டாயிரத்துப் பதினாலு. ஒரு அடி நாலு அங்குலம். பதிவேட்டுல என்ன?"

ஒச்சம்மாள் எச்சில் தொட்டுப் புரட்டினார். "எட்டு அடி முப்பத்தஞ்சு."

ஜோதிலிங்கம் அங்குலத்தைத் தசமமாக்கிக் கழித்தார். ஏழு.

"டிசம்பர் மூணு, ரெண்டாயிரத்துப் பதினேழு. அரை அடி."

"ஏழு அம்பது."

ஏழு.

"நவம்பர் இருபத்தேழு, ரெண்டாயிரத்து இருபத்தொன்னு. ஒம்பது அங்குலம்."

"ஏழு எழுபத்தஞ்சு."

ஏழு. ஒவ்வொரு முறையும் ஏழு. எங்கள் வீட்டுத் தரை. மடைக்கல்லில் மண்ணோடு மண்ணாக இருந்த கோடு.

"ரெண்டாயிரத்து எட்டு. ரெண்டு அடி."

ஒச்சம்மாள் பார்த்தார். பதிவேட்டை மூடினார். "மூணு போட்டிருக்கு. அது எங்க வீட்டுக்காரரு காலம் சார். அதை விட்ருங்க."

ஜோதிலிங்கம் கடைசிக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு நாற்காலிக்குத் திரும்பி எழுதினார். எழுதும்போது உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினார், வகுப்பில் நோட்ஸ் சொல்வதுபோல. "நீர்நிலை: உண்டு. நிலை: ஆபத்தில். பதிவேடு: நம்பகமானது, 2014 முதல்."

பேனா அடுத்த வரிக்கு வந்து நின்றது. அப்பாவை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆக்கிரமிப்புன்னு ஒரு கட்டம் இருக்கு. மேலே 'உண்டு'ன்னு எழுதின பிறகு இதைக் காலியா விட முடியாது. இதுலயும் ஒரு காப்பி போகும். உங்களுக்குப் புரியுதுங்களா?"

அப்பா இந்த மனையை வாங்கும்போது அவருக்கு முப்பத்திரண்டு வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் தானே சுவருக்குத் தண்ணீர் ஊற்றினாராம். அம்மா சொல்லியிருக்கிறாள். இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

"புரியுது சார்" என்றார். "எழுதுங்க. மனை நம்பர் நாப்பத்தொன்னு."

போகும்போது ஜோதிலிங்கம் பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

நவம்பர் 22

அப்பா வேலைக்குப் போய்விட்டார். காலண்டரை மேலே, கண்ணுக்கு நேரே மாட்டியிருக்கிறார். குனியாமல் தேதி பார்த்தேன். பழக்கமில்லாததால் தேதி நினைவில் நிற்கவில்லை.

டிசம்பர் 1

ஒரே தபால்காரர், இரண்டு பதிவுத் தபால்.

ஒன்று: உதவித்தொகைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறேன். ஆறில் நான்காவது. களம்: செங்கோரைக் கண்மாய், புல எண் 118. நிபந்தனைகளில் ஒன்று, ஆய்வாளர் களத்திலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் குடியிருக்க வேண்டும்.

இரண்டு: புல எண் 118-இல் உள்ள மனை எண் 41, நீர்நிலைப் புறம்போக்கு ஆக்கிரமிப்பு. முப்பது நாட்களுக்குள் விளக்கம் தர வேண்டும்.

அம்மா இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "இப்ப நான் ஸ்வீட் வாங்குறதா, சாமான் கட்டுறதா?"

"ரெண்டுக்கும் நேரம் இருக்கு" என்றார் அப்பா. விளக்கம் எழுதக் கோடு போட்ட தாள் ஒன்றை எடுத்து உட்கார்ந்தார். மாலை வரை எழுதினார். போய்ப் பார்த்தேன். 'ஐயா' என்று எழுதியிருந்தார்.

ஹென்றி சார் போனில், "பாத்தியா, டேட்டா என்னைக்கும் கைவிடாது" என்றார்.

டிசம்பர் 6
7.30 அடி

மூன்று நாள் மழை. சித்தி வீட்டுக்குப் போகச் சொன்னார் அப்பா. நான் போகவில்லை. முதல் நாள் களப்பணி. படிவத்தில் 'களத்தை அடைய ஆன நேரம்' என்ற இடத்தில் ஒரு கோடு போட்டேன்.

காலை ஏழு மணிக்குத் தண்ணீர் நிலைப்படியைத் தாண்டியது. ஓசையே இல்லை. தெரிந்த வீட்டுக்கு வருவதுபோல வந்து, கூடத்தில் நின்றது. அப்பா கட்டிலிலிருந்து இறங்கிச் சுவரில் கோடு போட்டுத் தேதி எழுதினார். பென்சிலை என்னிடம் நீட்டினார். அவர் எழுதியதன் கீழே நான் அளந்து எழுதினேன்: நாலே முக்கால் அங்குலம்.

எட்டு மணிக்கு ஒச்சம்மாள் சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு வந்தார். கையில் வாளி, தலையில் பாலிதீன் பை. வாளிக் கணக்குப்படி 7.30. அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டார்.

"எங்க சுவர்ல 7.40 வருதே அக்கா."

அவர் வந்து பார்த்தார். தன் ஸ்கேலால் தானே அளந்தார். ஒரு அங்குலத்துக்கும் மேலே வித்தியாசம். மறுபடி அளந்தார். நான் ஒவ்வொன்றாக யோசித்தேன். வாளியில் ஓட்டை. ஸ்கேல் தேய்மானம். ஆவியாதல்.

"வாளி தப்பாச் சொல்லாது" என்றார் ஒச்சம்மாள்.

"அப்ப?"

அவர் தண்ணீருக்குள் காலால் தரையை அழுத்திப் பார்த்தார்.

"ஒங்க வீடுதான் எறங்கியிருக்கு தாயி."

படிவத்தில் இரண்டு எண்களையும் எழுதினேன். அப்பா பென்சிலைத் திரும்ப வாங்கினார். அதைக் காதில் செருகிக்கொண்டு, தண்ணீரில் நடந்து, இன்னும் இரண்டு செங்கல் எடுத்துவரப் பின்கட்டுக்குப் போனார்.